ஹாக்கிக் கோஷ்டியில் மூத்தோரும் இளையோரும்

ஆண்டுதோறும் கலாசாலை திறந்து சில வாரங்கள் கழிந்தவுடன், விளையாட்டு வெளியில் ஒரு வினா எழுவதுண்டு. ஹாக்கிக் கோஷ்டிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்குங்கால், சென்ற ஆண்டுகளில் ஆடிப் பழகிய மூத்த மாணாக்கரையே மீண்டும் நிறுத்துவதா, புதிதாக வந்துள்ள இளைஞருக்கு இடந்தருவதா என்பதே அவ்வினா. மூத்தோர் தம் உழைப்பை எடுத்துக்காட்டுவர். இளையோர் தம் வேகத்தை எடுத்துக்காட்டுவர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்வழக்கு பெரும்பாலும் ஆராய்ச்சியால் தீர்வதில்லை. நட்பாலும் தாட்சணியத்தாலும், சிற்சில வேளைகளில் சினத்தாலும் தீர்கின்றது. இவ்வாறு தீர்வதனால் கோஷ்டி ஒரு பந்தயத்தில் தோற்பது சிறு நஷ்டமே. ஆர்வமிக்க ஓர் இளைஞன் மனமுடைந்து மட்டையைக் கீழே வைத்துவிடுவதும், பல்லாண்டு உழைத்த ஒரு மூத்தவன் கசப்புடன் வெளியேறுவதும் பெருநஷ்டமாகும். ஆகலின் இப்பொருள் குறித்து நமது கருத்தை மாணாக்கர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய எல்லார் முன்னிலையிலும் வைக்கத் துணிகின்றோம்.

சென்னைக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், போரூரை அடுத்து ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர் உளது. தாங்கல் என்பது தொண்டைநாட்டு வழக்கில் சிறிய ஏரிக்குப் பெயர். மழைநீரைத் தேக்கி, அளவறிந்து மதகின் வழியே வயல்களுக்கு விடுவது அதன் தொழில். இருக்கும் நீரையெல்லாம் வடித்துவிட்டுப் புதுமழையை எதிர்நோக்கும் குடியானவன் பயிரை இழப்பான். பழைய நீரே போதும் என்று வரத்துக்காலைத் தூர்த்துவிடுபவனும் மறு ஆண்டில் பயிரை இழப்பான். தேக்கமும் வேண்டும்; வரத்தும் வேண்டும். ஹாக்கிக் கோஷ்டியின் நிலையும் இதுவே. இன்று அவ்வூரில் வயல்கள் பெரும்பாலும் வீடுகளாக மாறிவிட்டன. அங்குள்ள பஸ் நிலையத்திலிருந்து இளைஞர் பலர் நாள்தோறும் கலாசாலைகளுக்குப் புறப்படுகின்றனர். அவ்விளைஞரைக் குறித்துப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் நம் நாட்டு ஹாக்கி வரலாற்றை நோக்குவோம். 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்குத் தலைவர் தயான் சந்த். அவர் அப்பொழுது 31-ஆம் வயதை எட்டும் தறுவாயிலிருந்தார். 1928, 1932 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளைக் கண்டவர். ஜெர்மனியை அடைந்தவுடன் நடந்த பழக்கப் பந்தயத்தில் ஜெர்மானியர் 4-1 என்னும் கணக்கில் இந்தியரை வென்றனர். உலகம் போற்றும் வீரர் தலைமை தாங்கியும் தோல்வி நேர்ந்தது. அக்கோஷ்டியினர் தம் பெருமையைப் பேசிக்கொண்டு வாளா இருந்தாரல்லர். முன்னணியில் ஆள் குறையுண்டு என்பதை உணர்ந்து, தாரா என்னும் இளைஞரை உடனே அனுப்புமாறு தாயகத்துக்குத் தந்தி அடித்தனர். அவர் ஆகாய விமானத்தில் வந்து சேர்ந்தார். ஆகஸ்டு 15-ஆம் நாள் நடந்த இறுதிப் பந்தயத்தில் இந்தியா அதே ஜெர்மனியை 8-1 என்று வென்றது. மூத்தோரின் சிறப்பு தாமே எல்லாவற்றையும் செய்து முடிப்பதில் இல்லை. எங்கே இளையோன் தேவை என்பதை முதலில் அறிந்து சொல்வதில் உளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இனி, நம் சென்னைக்கு உரிய ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. இயற்கைப் புல்லில் பழகிய இந்தியர் அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கினர். அக்கோஷ்டியில் ஆடியவருள் ஒருவர் சென்னையைச் சார்ந்த வாசுதேவன் பாஸ்கரன். நான்கு ஆண்டுகள் கழித்து, 1980-இல் மாஸ்கோவுக்குச் சென்ற கோஷ்டிக்கு அவரே தலைவர். அவருடன் சென்றவருள் பெரும்பாலோர் ஒலிம்பிக்கிற்குப் புதியவர். முகம்மது ஷாகித் என்னும் முன்னணி ஆட்டக்காரருக்கு வயது 20. இறுதிப் பந்தயத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று அவர்கள் பொற்பதக்கம் கொணர்ந்தனர். பல நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் ஆறு கோஷ்டிகளே ஆடின என்பதை மறைத்தல் நேர்மையன்று. எனினும், தோல்வியைக் கண்டு தெளிந்த ஒருவரைத் தலைமையில் நிறுத்தி, அச்சமறியாத இளைஞரை அவரைச் சுற்றி அமைத்த அம்முறையில் பிழை காண்பதற்கில்லை. முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பர். முன் ஏர் நேராகச் செல்ல வேண்டும். பின் ஏர் இருக்கவும் வேண்டும்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. பூனாவை அடுத்த கிர்க்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. 1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா பொற்பதக்கம் வென்றது. 1966-க்குப்பின் 32 ஆண்டுகள் கிட்டாத பதக்கம் அது. சில வாரங்களில் பாகிஸ்தானுடன் நடைபெறவிருந்த பந்தயத் தொடருக்குக் கோஷ்டி அறிவிக்கப்பட்டபொழுது, அவர் பெயரும் வேறு மூத்த ஆட்டக்காரர் சிலர் பெயரும் அதில் இல்லை. அவர்கட்கு ஓய்வு அளிக்கப்பட்டது என்பது கூறப்பட்ட காரணம். ஓய்வு நல்லதே, ஆயின் ஓய்வு பெறுவோனைக் கலந்து, அவன் உடன்பாட்டுடன் அளிப்பதே ஓய்வு எனப்படும். வெற்றி கொணர்ந்தவரை ஒருங்கே விலக்கினால், எஞ்சிய இளைஞர் கற்றுக்கொள்ளும் பாடம் யாது? நாளை நமக்கும் இதுவே கதி என்பதன்றோ? அச்சத்தால் ஆடுவோன் தன் இடத்தைக் காத்துக்கொள்ள ஆடுவானேயன்றிக் கோஷ்டிக்காக ஆடான்.

அத்தன்ராஜ் பிள்ளையே பின்னர் மீண்டும் அழைக்கப்பட்டார். 2001-இல் ஹோபார்ட் நகரில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில், ககன் அஜித் சிங் தலைமையில் இந்திய இளைஞர் அர்ஜென்டினாவை 6-1 என்று வென்றிருந்தனர். அவ்விளைஞர் சிலரையும் 35 வயதான பிள்ளையையும் ஒரே கோஷ்டியில் சேர்த்தபொழுது, 2003-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று, இந்தியா முதன்முறையாக ஆசியக் கோப்பையைப் பெற்றது. பிரித்தபொழுது கிட்டாதது சேர்த்தபொழுது கிட்டிற்று.

அண்மைக்கால வரலாறும் இதனையே வற்புறுத்துகின்றது. 2016-இல் லக்னோவில் நடந்த இளையோர் உலகக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில் இந்தியா பெல்ஜியத்தை 2-1 என்று வென்றது. கோல் போட்டவர் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங் ஆகிய இருவர். 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கிற்கு இந்தியா முதலில் அறிவித்த 16 பேரில் 10 பேர் ஒலிம்பிக்கிற்குப் புதியவர். சிம்ரன்ஜீத் அந்தப் பதினாறிலும் இல்லை. மாற்று ஆட்டக்காரராகவே சென்றார். கொள்ளைநோய்க் காலமாதலின் மாற்று ஆட்டக்காரரையும் களத்தில் இறக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. வெண்கலப் பதக்கத்துக்கான பந்தயத்தில் இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்றபொழுது, அவர் இரண்டு கோல்கள் போட்டார். ஆயின் அப்பந்தயத்தின் கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் யார்? தம் மூன்றாம் ஒலிம்பிக்கில் ஆடிய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். இளையோன் கோல் போட, மூத்தோன் கோல் காத்தான். 41 ஆண்டுகளுக்குப்பின் பதக்கம் இந்தியாவுக்கு வந்தது இவ்வாறே.

2024-இல் பாரிஸ் நகருக்குச் சென்ற 16 பேரில் புதியவர் ஐவரே. பதினொருவர் டோக்கியோவில் ஆடியவர். டோக்கியோவில் அவ்வளவு இளைஞருக்கு இடம் அளித்திராவிடின், மூன்றே ஆண்டுகளில் இத்தனை பழகியவர் எங்ஙனம் கிடைத்திருப்பர்? பிரிட்டனுடன் நடந்த காலிறுதியில், 17-ஆம் நிமிஷத்தில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். நாற்பது நிமிஷத்துக்கு மேல் இந்தியா பத்துப் பேருடனேயே ஆடி, 1-1 என்று சமநிலையைக் காத்து, பின்னர் நடந்த தனித்தனிக் கோல் போட்டியில் 4-2 என்று வென்றது. ஓர் ஆள் குறைந்தவிடத்து ஓட்டத்தினும் நிதானமே கோஷ்டியைக் காப்பாற்றும். அந்நிதானம் ஒரு மாதப் பயிற்சியில் வருவதன்று. பின்னர் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலப் பதக்கம் பெற்றவுடன் ஸ்ரீஜேஷ் ஆட்டத்தினின்று விலகினார்.

அவர் விலகியதோடு கதை முடியவில்லை. நாம் மிகவும் போற்றுவது அதன் பிற்பகுதியையே. அவர் உடனே இந்திய இளையோர் கோஷ்டிக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். 2025-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை நடைபெற்றது. அரையிறுதியில் அவர் கோஷ்டி ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றது. அத்தகைய தோல்விக்குப்பின் இருபது வயதுப் பிள்ளைகள் மனந்தளர்வது இயல்பே. வெண்கலப் பதக்கத்துக்கான பந்தயத்திலும் அர்ஜென்டினா முதலில் இரண்டு கோல்கள் போட்டுவிட்டது. ஆயினும் அவ்விளைஞர் கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் போட்டு 4-2 என்று வென்றனர். அனுபவம் களத்துக்குள் இருத்தல் ஒரு வகை. களத்தின் ஓரத்தில் நின்று வழிகாட்டுதல் மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு வயது வரம்பில்லை.

தமிழ்நாட்டு இளைஞர் ஒருவரையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். அரியலூரைச் சார்ந்த கார்த்தி செல்வம் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். பாகிஸ்தானுடன் நடந்த தம் முதற் பந்தயத்திலேயே கோல் போட்டார். அக்கோஷ்டியில் புதியவரே மிகுதி. அவர்க்குத் தலைமை தாங்கியவர் பிரேந்திர லக்ரா. முந்தைய ஆண்டில் விலகுவதாக அறிவித்திருந்தும் இளைஞருக்கு வழிகாட்டும்பொருட்டு மீண்டும் வந்தவர். அவர்கள் வெண்கலப் பதக்கம் பெற்றனர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் ஆட்டக்களத்தில் நடந்த ஆசியச் சாம்பியன் கோப்பையில், முதிர்ந்தவரும் இளையவரும் கலந்த இந்தியக் கோஷ்டி, இறுதிப் பந்தயத்தின் பாதியில் 1-3 என்று பின்தங்கியிருந்தும் மலேசியாவை 4-3 என்று வென்றது. கார்த்தி செல்வமும் அக்கோஷ்டியில் இருந்தார்.

அற்றேல், பழகியவரையே என்றும் வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் வினவக்கூடும். அவர்கள் பெல்ஜியத்தை நோக்குக. 2016-இல் ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கமும், 2018-இல் உலகக் கோப்பையும், டோக்கியோவில் பொற்பதக்கமும் பெற்ற கோஷ்டி அது. அதன் ஆட்டக்காரரில் பலர் முப்பது வயதைக் கடந்த பின்னரும் தொடர்ந்து ஆடினர். 2023 உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் அவர்கள் ஜெர்மனியிடம் தோற்றனர். 2024-இல் பாரிஸில் காலிறுதியிலேயே ஸ்பெயினிடம் 2-3 என்று தோற்று வெளியேறினர். அவர்கள் திறமை குன்றியவர் என்று கூறோம். மாற்றுவதற்கு ஏற்ற காலம், கோஷ்டி வென்றுகொண்டிருக்கும் காலமே. தோற்ற பின்னர் மாற்றினால் புதியவன் தலையில் பழைய தோல்வியும் சேர்ந்து விழும்.

வேறு சிலர், இளையோன் பக்குவப்படட்டும், பின்னர்ப் பார்ப்போம் என்பர். ஹரியானாவைச் சார்ந்த ராணி ராம்பால் 14 வயதிலேயே இந்தியப் பெண்கள் கோஷ்டியில் சேர்க்கப்பட்டார். 15 வயதில், 2010 உலகக் கோப்பையில் சிறந்த இளம் ஆட்டக்காரர் என்று பாராட்டப் பெற்றார். அவர் தலைமையில்தான் டோக்கியோவில் பெண்கள் கோஷ்டி நான்காம் இடத்தை அடைந்தது. வயதை மட்டும் நோக்கி அவரைக் காத்திருக்கச் செய்திருந்தால் நாடு இழந்திருக்கும். வயது இளமையாயிருத்தல் குற்றமன்று; தகுதியுமன்று. முதுமையும் அத்தகையதே.

எனின், அளவுகோல் யாது? நாம் அறிந்த வரையில் மூன்று கூறுவோம். முதலாவது, ஆடும் இடம். கோல்கீப்பர், பின்காவலர், நடுவில் நின்று பந்தைப் பங்கிடும் ஹாஃப் ஆகியோர்க்கு ஆட்டத்தின் போக்கை முன்னறியும் கண் வேண்டும். அக்கண் பல பந்தயங்களால் திறக்கும். ஆகவே கோஷ்டியின் முதுகெலும்பு பழகியவராயிருத்தல் நன்று. முன்னணியிலும் ஓரங்களிலும் ஓட்டமும் துணிவும் வேண்டும். இளங்கன்று பயமறியாது என்பது ஆங்கே குணமாகும். பின்காவலில் அதுவே குற்றமாகும்.

இரண்டாவது, ஆடும் நேரம். பழைய காலத்தில் 35 நிமிஷம் கொண்ட இரண்டு பாதிகளாக ஆட்டம் நடந்தது. இன்று சர்வதேசப் பந்தயங்களில் 15 நிமிஷம் கொண்ட நான்கு பகுதிகள். முன்னாளில் வெளியேறியவன் திரும்ப இயலாது. இன்று எவரையும் எத்துணை முறையும் மாற்றி இறக்கலாம். எனவே, மூத்தவன் அறுபது நிமிஷமும் ஓட வல்லனா என்று வினவுதல் பழைய வினா. எந்தப் பத்து நிமிஷத்தில் அவன் வேண்டும் என்பதே இன்றைய வினா. அவ்வாறே, இளையோன் முழுப் பந்தயத்துக்கும் தகுதியானவனா என்று தயங்க வேண்டுவதில்லை. ஒரு பகுதிக்கு இறக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது, எண்ணிக்கை. நல்லெண்ணம் மட்டும் இருந்தால், நெருக்கடி வந்தவிடத்து இளையோனுக்குரிய இடம் முதலில் பறிபோகும்; ஆகவே விதி வேண்டும். பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த இந்திய ஹாக்கி லீக் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கியபொழுது, ஒவ்வொரு கோஷ்டியின் 24 பேரிலும் நால்வர் இளையோராயிருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாடு டிராகன்ஸ் கோஷ்டியும் அவ்விதிக்கு உட்பட்டதே. எவர் தயவையும் நாடாமல் நான்கு இளைஞர் உலக வீரரோடு ஒரே களத்தில் பழகும் வாய்ப்பு அவ்வாறு பிறந்தது.

இனி நமது கலாசாலைக்கு வருவோம். ஈண்டு மூத்தோன் எனப்படுவோன் இருபது வயதினன். மூன்றே ஆண்டுகளில் அவன் வாழ்க்கை இவ்வெளியில் முடிந்துவிடும். நாடு பத்தாண்டில் காணும் மாற்றத்தை நாம் மூன்றாண்டில் காண்கின்றோம். மூன்றாம் ஆண்டு மாணாக்கராலேயே கோஷ்டியை நிரப்பினால், அடுத்த ஜூன் மாதத்தில் கோஷ்டி என்பதே இராது. முதலாண்டினரால் நிரப்பினால், பெரும் பந்தயங்களில் அவர்கள் அடிபட்டு ஆர்வம் இழப்பர். ஆகவே 16 பேர் கொண்ட கோஷ்டியில் மூன்றாம் ஆண்டினர் அறுவர், இரண்டாம் ஆண்டினர் அறுவர், முதலாண்டினர் நால்வர் என்று வகுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். தலைவர் மூன்றாம் ஆண்டிலிருந்தும், துணைத்தலைவர் இரண்டாம் ஆண்டிலிருந்தும் வருக. முதலாண்டினன் ஒவ்வொருவனையும் அவன் ஆடும் இடத்திலேயே ஆடும் மூத்தோன் ஒருவனிடம் ஒப்புவிக்க வேண்டும். தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டவன் தேறினால் அது மூத்தோனுக்கும் பெருமை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டால், பொறாமைக்கு இடமில்லை.

மற்றொன்று: இடம் இழப்பவனுக்கு அச்செய்தியை விளம்பரப் பலகை அறிவித்தலாகாது. பயிற்சியாளரோ கோஷ்டித் தலைவரோ முன்னதாகவே அவனைத் தனியே அழைத்து, காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்குப் பணச் செலவு இல்லை. கால்மணி நேரமும் சிறிது மனத்திண்மையுமே வேண்டும்.

ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், பூந்தமல்லி முதலிய இடங்களிலிருந்து வரும் இளைஞரைக் குறித்துப் பின்னர்க் கூறுவோம் என்றோமன்றோ? ஹாக்கி ஆடும் பள்ளிகளில் பயின்ற சிலர் மட்டையுடன் வருகின்றனர். மற்றையோரில் பலர் மட்டையைக் கையால் தொடுவதே கலாசாலையில்தான். எழும்பூரிலுள்ள செயற்கைப் புல்தரை ஐயப்பன்தாங்கலிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் உளது. மாலைப் பயிற்சிக்கு நின்றால் வீடு சேர இருட்டிவிடும். இத்தகையோனை ஒரே மாலைப் பரீட்சையில் ஆராய்ந்து தள்ளிவிடுதல் நீதியாகாது. அவனிடம் ஓட்டமும் கண்ணும் கையும் உளவா என்று மட்டும் பார்த்து, ஒரு பருவம் பொறுத்தல் வேண்டும். அப்பொறுமையைக் காட்ட வல்லவர் மூத்த ஆட்டக்காரரே. பந்தயத்தில் வெல்வது மட்டுமே அவர் கடமையென்று எண்ணுவோமாயின், அவரைப் பாதியளவே பயன்படுத்தியவராவோம்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நீங்கள் ஆண்டுக்கொருமுறை வந்து இன்றைய மாணாக்கருடன் நட்புப் பந்தயம் ஆடி, சிற்றுண்டி அருந்தி, பழங்கதை பேசிச் செல்வது இன்பமே. அதனோடு நில்லாது, உங்களுள் மேற்குப் புறநகரங்களில் குடியிருப்போர் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை அங்குள்ள சிறுவர்க்கு ஈவீர்களாயின், நான்கைந்து ஆண்டுகளில் நமது கோஷ்டிக்கு மட்டை பிடிக்கத் தெரிந்த முதலாண்டினர் அவ்வூர்களிலிருந்தே வருவர். பழைய மட்டைகள் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. அவற்றையும் உடன் கொண்டு வருக.

நாம் கூறிய எண்ணிக்கையில் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். அதனைப் பற்றி வழக்காடோம். கோஷ்டி தேர்வு நாளன்று ஒரு விதி முன்னரே எழுதப்பட்டு எல்லார்க்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். வரும் ஆண்டுத் தேர்வுக்கு முன்னர் விளையாட்டுக் கழகத்தார் கூடி இதனை ஆலோசிப்பாராக.